‘இனப்படுகொலை’ என்ற குற்றத்துக்குப் பெயர் வைத்தவர்: யார் இந்த ரபேல் லெம்கின்?

காஸா, மியான்மர், ருவாண்டா, போஸ்னியா... உலகச் செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு ‘இனப்படுகொலை’ என்ற சொல் புதிதல்ல. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் ஒன்றின் மீது ஒன்று வழக்குப் போடுகின்றன.

ஆனா, இதற்கான ஆங்கிலச் சொல்லான ‘ஜெனோசைட்’ 1944-க்கு முன்பு எந்த அகராதியிலும் கிடையாது. கூட்டம் கூட்டமாக மக்கள் கொல்லப்பட்டது மட்டும் வரலாறு முழுக்க நடந்திருக்கிறது. அந்தக் குற்றத்துக்கென்று தனிப் பெயரும் இல்லை, அதைச் செய்தவர்களைப் பிடித்து விசாரிக்க உலக நாடுகளுக்குப் பொதுவான சட்டமும் இல்லை.

பெயரைக் கண்டுபிடித்து, அதைச் சட்டமாகவும் மாற்றக் காரணமாக இருந்தவர் ரபேல் லெம்கின். அவர் அமைச்சர் இல்லை, தூதர் இல்லை. நாட்டையும் குடும்பத்தையும் இழந்த ஒரு அகதி. அவர் எப்படி இதைச் சாதித்தார், அந்தச் சட்டத்தில் என்னென்ன விட்டுப்போனது, இன்றைக்கு வரைக்கும் அது ஏன் முழுசா பலன் தரவில்லை? பார்க்கலாம்.

பண்ணையில் பிறந்த பையன்

லெம்கின் பிறந்தது 1900 ஜூன் 24. இன்றைய பெலாரூஸ் நாட்டில், வோல்கோவிஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை. அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசின் பகுதி. யூதக் குடும்பம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்தவர். அம்மா பெல்லா நிறைய படித்தவர். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் அவர்தான்.

சின்ன வயதில் லெம்கின் படித்த ஒரு நாவல் அவரை விடாமல் துரத்தியது. ரோமாபுரி மன்னன் நீரோ கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திக் கொன்றதைச் சொல்லும் ‘குவோ வாடிஸ்’ நாவல் அது. அத்தனை பேரைக் கொல்லும்போது அவர்களைக் காப்பாற்ற யாருமே வரவில்லையா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பதில் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு ஆறு வயது நடக்கும்போது, 1906-ல், அருகிலுள்ள பியாலிஸ்டாக் நகரில் கும்பல் ஒன்று யூதர்களைத் தாக்கியது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு குழுவில் பிறந்ததற்காகவே மனிதர்கள் கொல்லப்படுவது பழங்காலக் கதை இல்லை என்பதை அந்தப் பையன் அப்போதே புரிந்துகொண்டான்.

ஒரு கொலை வழக்கு எழுப்பிய கேள்வி

1921 மார்ச் 15. ஜெர்மனியின் பெர்லின் நகரில் பட்டப்பகலில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்தவர் தலாத் பாஷா. முதல் உலகப்போர் காலத்தில் துருக்கிய ஒட்டோமான் பேரரசை ஆண்ட முக்கியத் தலைவர்களில் ஒருவர். லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டதற்குக் காரணமானவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர். சுட்டவர் சோகோமோன் தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர்.

இஸ்தான்புல்லில் நடந்த விசாரணையில் தலாத்துக்கு 1919-லேயே மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. ஆனா அவர் அதற்கு முன்பே ஜெர்மனிக்குப் போய்விட்டார். ஜெர்மனி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இதே குற்றச்சாட்டில் மால்டா தீவில் பிரிட்டன் அடைத்து வைத்திருந்த ஒட்டோமான் அதிகாரிகளும் 1921-ல் விடுதலையாகிவிட்டார்கள்.

அப்போது லிவிவ் நகரப் பல்கலைக்கழகத்தில் லெம்கின் மாணவர். இன்று உக்ரைனில் இருக்கும் அந்த நகரம் அன்றைக்கு போலந்து வசம் இருந்தது. ஒரு மனிதனைக் கொன்றவர் மீது வழக்கு நடக்கிறது, லட்சக்கணக்கானவர்களைக் கொன்றதாகச் சொல்லப்படுபவர் மீது ஏன் எந்த நாடும் வழக்குப் போடவில்லை? இதுதான் பேராசிரியரிடம் அவர் கேட்ட கேள்வி.

பேராசிரியர் ஒரு உதாரணம் சொல்லி விளக்கினாராம். ஒருவர் தன்னுடைய கோழிகளைக் கொன்றால் பக்கத்து வீட்டுக்காரர் தலையிட முடியாது. அதே மாதிரிதான் ஒரு அரசு தன் எல்லைக்குள் தன் மக்களை என்ன செய்தாலும் மற்ற நாடுகள் தட்டிக் கேட்க முடியாது.

அன்றைய சர்வதேசச் சட்டத்தின் நிலை கிட்டத்தட்ட இதுதான். நாட்டின் இறையாண்மை என்ற ஒரு வார்த்தைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மனிதர்களைக் கோழிகளோடு ஒப்பிட்ட அந்தப் பதிலை லெம்கினால் ஏற்க முடியவில்லை. அதுவரை மொழியியலில் ஆர்வமாக இருந்தவர், முழுமூச்சாகச் சட்டம் பக்கம் திரும்பினார். பின்னாளில் புதுச்சொல் உருவாக்க அந்த மொழியறிவும் கைகொடுத்தது.

1933: யாரும் கேட்காத எச்சரிக்கை

படிப்பு முடிந்து வார்சாவில் அரசு வழக்கறிஞரானார் லெம்கின். 1933-ல் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சிக்கு வந்தார். அதே ஆண்டு ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் சர்வதேசக் குற்றவியல் சட்ட மாநாடு நடந்தது. அதற்காக லெம்கின் ஒரு அறிக்கை தயாரித்தார்.

அவர் கேட்டது இரண்டு புதிய குற்றங்கள். ஒரு இன, மத, சமூகக் குழுவை அழிப்பது முதலாவது. அதற்கு ‘காட்டுமிராண்டித்தனம்’ என்று பெயர் வைத்தார். அந்தக் குழுவின் கலை, பண்பாட்டுச் செல்வங்களை அழிப்பது இரண்டாவது. அதற்கு வைத்த பெயர் ‘நாசவேலை’. இவற்றைச் செய்தவர் எந்த நாட்டில் பிடிபட்டாலும் அங்கேயே விசாரிக்கலாம் என்று சட்டம் வேண்டும் என்றார்.

ஜெர்மனியைப் பகைத்துக்கொள்ள அப்போது போலந்து அரசு விரும்பவில்லை. லெம்கினால் மாநாட்டுக்குப் போகவே முடியவில்லை. அறிக்கை மட்டும் போனது, எந்தப் பலனும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் அரசுப் பதவியையும் இழந்து தனியாக வழக்கறிஞர் தொழில் செய்ய வேண்டியதாயிற்று.

அகதியாக அரை உலகப் பயணம்

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்து மீது படையெடுத்தது. வார்சாவை விட்டு வெளியேறிய லெம்கின், குண்டுவீச்சுகளுக்கு நடுவே காடு வழியாகத் தப்பித்து, பெற்றோர் இருந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். தன்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தார். சொந்த வீட்டை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. அதுதான் கடைசிச் சந்திப்பு.

லித்துவேனியா வழியாக ஸ்வீடன் போனார். அங்கே ஸ்டாக்ஹோமில் பாடம் நடத்திக்கொண்டே ஒரு வேலையைத் தொடங்கினார். ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளில் போடப்பட்ட அரசாணைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தார். இதில் ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் நாஜிகளே அச்சிட்டு வெளியிட்ட ஆணைகள்.

தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண நிர்வாக உத்தரவு போலத்தான் இருக்கும். யார் எங்கே குடியிருக்க வேண்டும், யார் எந்த வேலை பார்க்கக் கூடாது, யாரை யார் திருமணம் செய்யலாம், எந்த இனத்தவருக்கு எவ்வளவு ரேஷன் என்று போகும். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தபோதுதான் லெம்கினுக்குத் திட்டம் புரிந்தது. போரில் ஜெயிப்பது மட்டும் அவர்கள் நோக்கமில்லை, சில இனங்களே மிச்சமில்லாமல் போக வேண்டும் என்பதுதான் நோக்கம்.

சோவியத் யூனியனை ரயிலில் கடந்து, ஜப்பானுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் 1941 ஏப்ரலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். வடக்கு கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. அந்த ஆணைகளின் நகல்களும் அவர் கைவசம் இருந்தன.

ஒரு சொல் பிறக்கிறது

நாஜிகள் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள் என்று லெம்கின் சொன்னபோது, போர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பலரும் கடந்துபோனார்கள். இது வழக்கமான போர்க் கொடுமை இல்லை என்று புரியவைக்கத் தனியாக ஒரு சொல் தேவைப்பட்டது. 1933-ல் தான் வைத்த பெயர்கள் எடுபடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

கிரேக்க மொழியில் ‘ஜெனோஸ்’ என்றால் இனம், குலம். லத்தீனில் ‘சைட்’ என்ற விகுதி கொலையைக் குறிக்கும். இரண்டையும் ஒட்டி ‘ஜெனோசைட்’ என்று ஆக்கினார். 1944 நவம்பரில் வெளியான ‘ஆக்சிஸ் ரூல் இன் ஆக்குபைடு யூரோப்’ என்ற அவருடைய பெரிய நூலில் இந்தச் சொல் முதன்முதலாக அச்சேறியது. கர்னகி அமைதி அறக்கட்டளை அதை வெளியிட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெம்கினைப் பொறுத்தவரை ஜெனோசைட் என்றால் ஆட்களைக் கொல்வது மட்டுமல்ல. ஒரு மக்களின் மொழி, மதம், பண்பாடு, பொருளாதாரம், குழந்தைப் பிறப்பு என்று அவர்கள் ஒரு இனமாக வாழ்வதற்கான எல்லா வேர்களையும் திட்டமிட்டு அறுப்பதும் அதில் அடங்கும். பின்னால் ஐ.நா.வில் சண்டை வந்தது இதில்தான்.

நியூரம்பெர்க் தந்த ஏமாற்றம்

போர் முடிந்ததும் நாஜித் தலைவர்களை விசாரிக்க நியூரம்பெர்க் நகரில் நீதிமன்றம் அமைந்தது. அமெரிக்கத் தரப்புக்கு உதவியாக இருந்த லெம்கின், குற்றப்பத்திரிகையில் தன் சொல் இடம்பெறப் படாதபாடு பட்டார். இடம்பெறவும் செய்தது.

இந்தக் காலத்தில்தான் தன் குடும்பத்துக்கு என்ன ஆனது என்ற விவரம் அவருக்குக் கிடைத்தது. அம்மா, அப்பா உட்பட உறவினர்கள் 49 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். தம்பி எலியாஸும் அவருடைய மனைவி, இரண்டு மகன்களும்தான் மிஞ்சினார்கள்.

1946 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. பலருக்குத் தூக்கு. ஆனா தீர்ப்பில் ‘ஜெனோசைட்’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. ‘மனித குலத்துக்கு எதிரான குற்றம்’ என்ற பிரிவில் தண்டனை கொடுத்தார்கள். போரோடு தொடர்புள்ள கொடுமைகளை மட்டுமே அதில் சேர்த்தார்கள். அப்படியென்றால், 1939-க்கு முன்பு ஜெர்மனிக்குள்ளேயே யூதர்களுக்கு நடந்தவை? அவை தண்டனைக்கு வெளியே நின்றுவிட்டன. அமைதிக் காலத்தில் ஒரு அரசு தன் மக்களையே அழித்தால் என்ன செய்வது என்ற பழைய கேள்வி அப்படியே இருந்தது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ‘மனித குலத்துக்கு எதிரான குற்றம்’ என்ற பிரிவுக்குப் பின்னால் இருந்தவர் ஹெர்ஷ் லாட்டர்பாக்ட். ஆச்சரியம் என்னன்னா, அவரும் அதே லிவிவ் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அவரும் குடும்பத்தைப் பறிகொடுத்தவர். சட்டம் காக்க வேண்டியது தனிமனிதரை என்பது அவர் கட்சி. ஒரு மனிதர் கொல்லப்படுவது அவர் சார்ந்த குழுவுக்காகத்தான் என்றால் அந்தக் குழுவையும் சட்டம் காக்க வேண்டும் என்பது லெம்கின் கட்சி. இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஐ.நா. வாசலில் ஒற்றை ஆள்: கைகொடுத்த இந்தியா

நியூரம்பெர்க்கில் கிடைக்காததை லெம்கின் ஐ.நா.வில் தேடினார். பதவி இல்லை, பணம் இல்லை, பின்னால் அமைப்பு எதுவும் இல்லை. கையில் ஒரு பெட்டி நிறைய காகிதம். தாழ்வாரங்களில் தூதர்களை மடக்கி மடக்கிப் பேசினார். பல மொழிகள் தெரிந்ததால் பலரிடம் அவரவர் மொழியிலேயே பேச முடிந்தது. அவரைப் பார்த்தாலே ஒதுங்கிப்போன ஆட்களும் உண்டு.

முதலில் மூன்று நாடுகள் முன்வந்தன. கியூபா, பனாமா, இந்தியா. சுதந்திரம் கிடைக்க இன்னும் சில மாதங்கள் இருந்த நிலையில், இந்தியாவும் சேர்ந்து கொடுத்த தீர்மானம் 1946 டிசம்பர் 11-ல் பொதுச்சபையில் ஒருமனதாக நிறைவேறியது. இனப்படுகொலை சர்வதேசச் சட்டப்படி குற்றம் என்று உலகம் முதல்முறையாகச் சொன்னது அப்போதுதான்.

ஆனா தீர்மானம் வேறு, நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேறு. அடுத்த இரண்டு வருடம் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரிக்கும் பேரம் நடந்தது. அரசியல் குழுக்களை அழிப்பதையும் சேர்க்கலாமா என்றபோது சோவியத் யூனியன் உள்ளிட்ட பல நாடுகள் எதிர்த்தன, அது போனது. பண்பாட்டு அழிப்பைச் சேர்க்கவும் போதிய ஆதரவு இல்லை. மொழியையும் வழிபாட்டையும் அழிப்பது குற்றமென்றால், காலனிகளும் பழங்குடி மக்களும் இருந்த நாடுகளுக்குத் தங்கள் கடந்த காலமே சிக்கலாகிவிடும் என்ற பயம். லெம்கினுக்கு மனசில்லை. ஆனா அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் மொத்த ஒப்பந்தமும் போய்விடும் என்று விட்டுக்கொடுத்தார்.

1948 டிசம்பர் 9, பாரிஸ். இனப்படுகொலையைத் தடுப்பதற்கும் தண்டிப்பதற்குமான ஒப்பந்தத்துக்கு ஆதரவாக 56 நாடுகள் வாக்களித்தன. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. புகழ்பெற்ற மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது அதற்கு அடுத்த நாள்தான். அந்த வாரங்களின் உழைப்பில் உடம்பு கெட்டு, லெம்கின் மருத்துவமனையில் படுத்துவிட்டார்.

ஒப்பந்தம் சொல்வது என்ன?

தேசிய, இன, நிற அல்லது மதக் குழு ஒன்றை முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் 5 செயல்கள் இனப்படுகொலை ஆகும்:

1. அந்தக் குழுவினரைக் கொல்வது
2. உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு உண்டாக்குவது
3. அவர்கள் உயிர்வாழ முடியாத நிலைமையை வேண்டுமென்றே உருவாக்குவது
4. அந்தக் குழுவில் குழந்தைகள் பிறக்காமல் தடுப்பது
5. அவர்களுடைய குழந்தைகளைக் கட்டாயமாக வேறு குழுவிடம் ஒப்படைப்பது

இதில் ‘நோக்கத்தோடு’ என்பதுதான் சாவி. எத்தனை ஆயிரம் பேர் இறந்தார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. அந்தக் குழுவை அழிக்கணும் என்ற எண்ணம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். எந்த அரசும் அதை வெளிப்படையாக எழுதிவைக்காது. இனப்படுகொலை வழக்குகள் வருடக்கணக்கில் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புகலிடம் தந்த நாடே ஒப்புதலுக்குத் தயங்கியது

20 நாடுகள் ஏற்ற பிறகு, 1951 ஜனவரி 12-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. ஆனா அமெரிக்க செனட் ஒப்புதல் தரவில்லை. அங்கே கறுப்பின மக்கள் மீது நடந்த கொடுமைகளுக்காக இந்த ஒப்பந்தம் தங்கள் மீதே பாயுமோ என்று தென்மாநில செனட்டர்கள் பயந்தார்கள்.

1951-ல் கறுப்பின உரிமை இயக்கத்தினர் அமெரிக்கா மீது இனப்படுகொலைக் குற்றம் சாட்டி ஐ.நா.வில் மனு கொடுத்தார்கள். லெம்கின் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அது பாகுபாடுதானே தவிர இனப்படுகொலை ஆகாது என்று எதிர்த்தார். செனட் ஒப்புதல் கெட்டுப்போகும் என்ற கவலை அவருக்கு இருந்தது. அவருடைய வாழ்க்கையில் இன்றும் விமர்சிக்கப்படும் இடம் இது. இவ்வளவு செய்தும் செனட் அசையவில்லை.

கடைசி வருடங்கள் வறுமையில் போயின. நிலையான வேலை கிடையாது, திருமணம் செய்துகொள்ளவில்லை. அமைதிக்கான நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போனது, பரிசு வரவில்லை. எழுதிக்கொண்டிருந்த சுயசரிதையும் பாதியில் நின்றது. அது நூலாக வந்தது 2013-ல்தான்.

1959 ஆகஸ்ட் 28-ல் நியூயார்க்கில் மாரடைப்பால் இறந்தார். வயது 59. இறுதிச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே வந்தார்கள். அவர் இறப்பதற்கு முந்தின நாள்தான், ஆகஸ்ட் 27 அன்று, இந்தியா அந்த ஒப்பந்தத்துக்கு முறைப்படி ஒப்புதல் கொடுத்திருந்தது.

அவருக்குப் பிறகு நடந்தது

* அமெரிக்கா: வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 1967 முதல் 19 வருடங்களில் 3,211 முறை இதற்காக செனட்டில் பேசினார். 1986-ல் செனட் சம்மதித்தது. 1988-ல் அமெரிக்கா ஒப்பந்தத்தில் இணைந்தது.

* ருவாண்டா: 1994-ல் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். 1998 செப்டம்பர் 2-ல் அந்நாட்டின் முன்னாள் மேயர் ஜான்-பால் அகாயேசு குற்றவாளி என்று தீர்ப்பானது. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் தண்டித்த முதல் மனிதர் இவர். ஒப்பந்தம் உருவாகி அதற்குள் 50 வருடம் ஓடிவிட்டது.

* போஸ்னியா: 1995-ல் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலையே என்றும், அதைத் தடுக்க செர்பியா தவறிவிட்டது என்றும் 2007-ல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது.

* மியான்மர்: ரோஹிங்கியா மக்களுக்காக 2019-ல் வழக்குப் போட்டது ஆப்பிரிக்காவின் சின்ன நாடான காம்பியா. பாதிக்கப்பட்டது தன் மக்கள் இல்லையென்றாலும், ஒப்பந்தத்தில் உள்ள எந்த நாடும் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இது உதாரணம். குற்றச்சாட்டை மியான்மர் மறுக்கிறது.

* காஸா: 2023 டிசம்பர் 29-ல் இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா வழக்குத் தொடுத்தது. 2024 ஜனவரி 26-ல் இடைக்கால உத்தரவு வந்தது. இஸ்ரேலும் குற்றச்சாட்டை மறுக்கிறது.

யார் வழக்குப் போடலாம்?

சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட நாடுகளால் மட்டுமே முடியும். பாதிக்கப்பட்ட மக்களோ, ஒரு மாகாண அரசோ நேரடியாகப் போக முடியாது. இலங்கையில் தமிழர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்று வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. இலங்கை அரசு அதை ஏற்கவில்லை. இலங்கை 1950-லேயே ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. ஆனாலும் வேறொரு நாடு முன்வந்து வழக்குப் போட்டால்தான் இந்த விஷயம் அந்த நீதிமன்றத்தின் படியேறும். அந்தத் தீர்மானத்தால் மட்டும் அது நடக்காது.

இன்னொரு சிக்கல், நாடுகள் போடும் நிபந்தனைகள். ஒப்பந்தத்தை வைத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவதானால் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்று சொல்லித்தான் இந்தியா இதில் சேர்ந்தது. அமெரிக்காவும் இப்படி நிபந்தனை போட்டிருக்கிறது.

இன்றைக்கு 150-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஒரு அரசு தன் எல்லைக்குள் தன் மக்களை என்ன செய்தாலும் யாரும் கேட்கக் கூடாது என்ற வாதம் இன்று சட்டப்படி செல்லாது. 1921-ல் ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு அந்த அளவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனா ஒப்பந்தத்தின் பெயரில் முதலில் வருவது ‘தடுப்பது’, அதற்கு அடுத்துத்தான் ‘தண்டிப்பது’. ருவாண்டாவிலும் ஸ்ரெப்ரெனிட்சாவிலும் தண்டனை வந்தது, எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நடக்கும்போதே நிறுத்த வேண்டிய அந்த முதல் வேலைதான் இன்னும் பாக்கி.